கிண்ணம் தேடி வந்த தண்ணீர்

விளக்கு வைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய வெறும்பானை ஒன்றின் வாயில் யாரோ தன் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "ஊம்ம்" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி.

ஜெனித்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவின் தாழ்ப்பாளை அதற்குள் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாயிற்று. அவள் புருஷன் கில்பர்ட் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், ஏறிப் போய் ஏழு மாதம் ஆகிறது. அவன் வீட்டில் இருந்த நாளில் தினமும் படுக்கப் போகுமுன் கதவைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா? தாழ் போட்டுடவா?" என்று கேட்பான், இருப்பதே ரெண்டரைப் பேர், இதில் எல்லாரும் என்ன எல்லாரும் என்று அவள் சிரிப்பாள். அவன் போனபிறகு அந்தக் கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லி, தாழையும் அவளே போட்டு, போட்டோமா என்ற சந்தேகத்தையும் அவளே பட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்நிறைந்த மரியே என்று ஜெபத்தைத் தொடங்கிக் காலைக் கீழே வைத்தாள். கணுக்கால்வரை தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்ததுபோல வெதுவெதுப்பு. டார்ச்சை அடித்துப் பார்த்தால், கட்டிலுக்கடியில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றி விரல் நீளச் சிங்கி இறால்கள் ரெண்டு, செக்கச்செவேல் என்று, அவளுடைய ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு போயின. ஓடிப்போய்க் கதவைப் பார்த்தாள். மரம் ஊறி ஊதிப்போய்ச் சட்டத்துக்குள் அடங்காமல், தாழ்ப்பாளுக்கும் அது நுழைய வேண்டிய துளைக்கும் நடுவே நாலு விரல் இடம் விழுந்திருந்தது.

"லாத்தா! ஹபீபா லாத்தா!" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"கத்தாதே புள்ள, இங்கயும்தான் வந்திருக்கு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா ஹபீபா. "கட்டிலுக்குச் செங்கல் வச்சுக்கிட்டிருக்கேன். உனக்கு வேணும்னா நாலு தர்றேன், வந்து எடுத்துக்க."

அந்தத் தண்ணீர் வந்தது, லூயிசியானா கேஜன் கிரியோல் உணவகம் திறந்த மூன்றாம் நாள்.

கப்பலடி என்ற அந்த ஊரில் பிரான்சுக்காரன் காலத்திலிருந்தே ஆட்கள் கப்பலேறிப் போவதும், சிலர் வருவதும், பலர் வராததும் வழக்கம். கப்பல் சமையல்காரன் லூர்துராஜ் வந்தது மட்டுமில்லாமல், அமெரிக்காவில் லூயிசியானாச் சீமையின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலிருந்து ஒரு பெண்சாதியையும் கூட்டி வந்தான். ஒதீல் என்று பெயர், ஊர் அவளை மதாம் என்றது. அம்மா வழியில் கிரியோல், அப்பா வழியில் கேஜன், ரெண்டும் அந்தச் சீமையின் பழைய பிரெஞ்சு வழி ஜனங்கள். அதாவது, லூர்துராஜ் டீக்கடையில் விளக்கிய கணக்குக்கு, அம்மா வீட்டுக் குழம்பில் தக்காளி உண்டு, அப்பா வீட்டுக் குழம்பில் தக்காளி கிடையாது, அதற்காகவே அந்தச் சீமையில் சம்பந்திகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். ரெண்டு குழம்பும் ஒரே கூரையின் கீழே கிடைக்க வேண்டும் என்றுதான் துறைமுகத் தெருவில் அவன் கடை போட்டான். பலகை எழுதி, மேசை நாற்காலி இறக்கி, திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, விடியற்காலையில் நண்டு எடுக்க ஏலத்துக்குக் கிளம்பியவன், "தாழ் போடாதேடி, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய், நண்டுக் கூடைகளுக்கு நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஊரே அடக்கத்துக்குப் போனது. ஊரே, "நாங்க இருக்கோம் மதாம், பாத்துக்கறோம்" என்றது. நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஒதீல் தனியாகக் கடையைத் திறந்தாள்.

அவள் தமிழ் முழுக்க லூர்துராஜ் கொடுத்த தமிழ். புருஷன் பெண்சாதியிடம் பேசுகிற தமிழைத் தவிர வேறு தமிழ் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே திறப்பு விழாவுக்கு மாலையோடு வந்த கவுன்சிலர் வேம்பையனை வாசலிலேயே, "வாடி, உக்காருடி, என்னடி இப்படி எளச்சுப் போயிட்டே" என்று வரவேற்றாள். தொண்ணூறு கிலோ வேம்பையன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, அவரை இளைத்துப் போனதாக அதுவரை எந்த ஜீவனும் சொன்னதில்லை என்பதால், பெட்டிப் பாம்பாகப் போய் உட்கார்ந்தார்.

ஜெனித்தாவும் ஹபீபாவும் சன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். ஒதீல் சமையல்கட்டிலிருந்தே, "அந்தப் பானையில பன்னிக்கறி இல்லடி, ஒனக்குத் தனியா வச்சிருக்கேன்" என்று ஹபீபாவுக்குக் குரல் கொடுத்தாள். முதலில் கம்போ வந்தது; மைதா மாவை எண்ணெயில் போட்டு ஒரு நொடி கை நிறுத்தாமல் கிண்டிக் கிண்டி, புளியங்கொட்டை நிறத்துக்குக் கொண்டுவந்து, அதில் நண்டும் இறாலும் வெண்டைக்காயும் கொதித்த குழம்பு, நடுவில் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு தீவு மாதிரி. பிறகு ஜம்பலாயா வந்தது, அதற்கு அந்த மேசையிலேயே ஜம்பு பிரியாணி என்று பேர் விழுந்தது. கடைசியில் சீனிப்பொடி மூடிய சதுரப் போண்டா. கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வெறும் தட்டை வைத்துக்கொண்டு கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழகியவள் ஜெனித்தா. பதினாறு வருஷம் கழித்து அந்தப் படிப்புக்கு வேலை வந்ததே என்று அவள் எடுத்துப் பிடிக்க, ஹபீபா ஒரு நண்டுக் காலைப் பல்லால் உடைத்துக்கொண்டே, "மதர் சுப்பீரியர் நண்டை எப்பச் சாப்பிட்டு முடிக்கறது? விடிஞ்சுடப் போகுது" என்றாள். ஜெனித்தா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாள். உறைப்பு மெதுவாக ஏறியது. அதன் அடியில் ஒரு புகைவாசம், அதற்கும் அடியில் சேறும் இலையும் ஊறிய ஒரு நீரின் வாசம். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, அந்த அரை மணி நேரம், அவளுக்குப் பயமில்லை.

"ஏன் மதாம், ஏசியைப் போட்டுட்டுக் கதவைத் தொறந்து போட்டிருக்கீங்க?" என்று ஹபீபா கேட்டாள்.

"அவன் வரணும்டி" என்றாள் ஒதீல், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. ஹபீபா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மீந்ததைப் பார்சல் கேட்டபோதுதான் ஒதீல் முகம் மாறியது. "இங்க உக்காந்து சாப்புடுடி. இந்தக் கொழம்பு தனியா இருக்காதுடி, கூட்டம் தேடும்." ஆனால் எந்த ஊரில் அப்படி விடுவார்கள்? ஒருத்திக்கு வீட்டில் நாத்தனார், ஒருவருக்குப் படுத்துக் கிடக்கிற அண்ணன், வேம்பையனுக்கு வேம்பையனே. தட்டில் மீதி வைத்துவிட்டு எழுந்து வந்த பாவம் ஏழு தலைமுறைக்கும் ஆகாது. ஒதீல் பெருமூச்சு விட்டு, தாய்வீட்டிலிருந்து பெட்டியோடு வந்த நீல எனாமல் கிண்ணங்களை எடுத்து, ஒவ்வொன்றாக நிரப்பி மூடி, "நாளைக்குக் கிண்ணத்தக் கொண்டாந்துடுடி" என்றாள். நாற்பது பேரும், "கண்டிப்பா மதாம்" என்றார்கள்.

நாற்பது பேரில் ஒருவரும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. திருட்டுப் புத்தியில்லை, அதற்கு நேர்மாறு. வீட்டுக்கு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது மரியாதையில்லை, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஓட்டல் நடத்துகிறவளுக்கு, அதுவும் அப்படியொரு குழம்பு வைக்கிறவளுக்கு, எதைப் போட்டுக் கொடுப்பது?

"ரசம் குடுக்கலாமா?" என்றாள் ஜெனித்தா.

"ஓட்டல்காரிக்கு ரசமா? காறித் துப்புவா. வட்டிலப்பம் செஞ்சு தர்றேன், ரெண்டு பேருமாக் குடுப்போம். முட்டை வரட்டும்" என்றாள் ஹபீபா. முட்டை வந்தது, தேங்காய் இல்லை. தேங்காய் வந்தது, விருந்தாளி வந்தார்கள். மூன்று நாள் ஆனது. மூன்று நாள் ஆனபின் போவதற்கு வெட்கமாக இருந்தது. கிண்ணத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அங்கே சாப்பிடப் போவது என்று ஜனங்கள் துறைமுகத் தெருவை விட்டு உப்புக்காரச் சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள். அன்று விளக்கு வைத்த பிறகுதான், கிண்ணம் இருந்த வீடுகளில் எல்லாம் தண்ணீர் வந்தது.

தண்ணீர் வந்துவிட்டால் ஊர் என்ன செய்யும், இருந்துகொள்ளும். வேம்பையன் நடுத்தெருவில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, இது ஆற்றுத் தண்ணியும் இல்லை, கடல் தண்ணியும் இல்லை, வெளியூர்த் தண்ணி என்று அறிவித்தார், அதோடு அந்த விசாரணை முடிந்தது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், அப்புறம் அவிழ்க்க மறந்தார்கள். மின்சார வாரியத்து ஆட்கள் வந்து சுவிட்சுகளை எல்லாம் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, கையோடு ஒரு வாளி சிங்கி பிடித்துக்கொண்டு போனார்கள். கேபிள் ஒயர்களில் நரைத்த தாடி மாதிரிப் பாசி தொங்கத் தொடங்கியது. மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதைப் பறித்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்று பத்திரப்படுத்தினார், சிறுமிகள் பொம்மைகளுக்குச் சடை பின்னினார்கள். ஒரு கல்யாணம் படகிலேயே நடந்தது, மாப்பிள்ளையை விடத் தவளைதான் அதிகம் பேசியது என்று பெண்வீட்டார் குறை சொன்னார்கள். பள்ளிவாசல் படியில், மாரியம்மன் கோயில் படியில், மாதா கோயில் படியில் ஆமைகள் ஏறி வெயில் காய்ந்தன, பேதம் பார்க்கவில்லை. தண்ணீர் நாளுக்கு ஒரு விரற்கடை ஏறியது. ஏறுகிற அளவுக்குச் செங்கல் ஏறியது.

ஜெனித்தாவுக்கு மட்டும் அது பழகவில்லை. பத்து மாதப் பிள்ளை, அந்தோணி என்று பேர், தோணி என்று கூப்பிடுவது. தவழ ஆரம்பித்த பிள்ளை. அவனைக் கட்டிலில் விட்டால் விளிம்புக்கு வருகிறான், விளிம்புக்குக் கீழே தண்ணீர். கதவு தாழ் விழுவதில்லை. சேலையின் ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தபடி தூங்கினாள். பயப்படுகிறவள் பாதி ஜெபம்தான் செய்கிறாள் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்வார்கள். இவள் முழு ஜெபமும் செய்தாள், முழுப் பயமும் பட்டாள்.

"பேரே தோணி, அவனா முங்குவான்?" என்று ஹபீபா சிரித்தாள். "நீ ஒருத்திதான் புள்ள இந்த ஊர்ல இன்னும் பயந்துக்கிட்டிருக்கே."

தண்ணீர் வந்த இருபத்தோராம் நாள் சாயங்காலம், அடுப்பில் பிள்ளைக்குப் பருப்பும் சோறும் குழைந்துகொண்டிருந்தது. பால்காரருக்குச் சன்னல் வழியாகப் பாத்திரத்தை நீட்ட முடிச்சை அவிழ்த்தவள், திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. பிள்ளை வாசலில் இருந்தான். சாத்த முடியாத கதவின் சந்தில், நிலைப்படி மேல், மார்வரை தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு முழ நீள முதலைக்குட்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பல் முளைத்த சந்தோஷத்தில் அதற்குத் தன் ரெண்டு பல்லையும் காட்டிக்கொண்டிருந்தான். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தெரு, தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர்.

அவள் கத்தவில்லை. போய் எடுத்தாள். முதலை ஏமாற்றத்தோடு திரும்பிப் போனது. பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றபோது, கண்ணுக்கு நேரே அலமாரித் தட்டில் அந்த நீலக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கழுவித் துடைத்து, மூன்று வாரமாக.

"லாத்தா" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மதாமை யாராவது போய்ப் பாத்தமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் செங்கல் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வெறுங்கிண்ணமாவா போறது?" என்றாள் ஹபீபா, ஆனால் குரல் இறங்கியிருந்தது. "வட்டிலப்பம்..."

"வட்டிலப்பம் வேணாம் லாத்தா" என்றாள் ஜெனித்தா.

அடுப்பில் இருந்தது அதுதான், அதையே போட்டாள். குழைந்த பருப்புச் சோறு, ஒரு கரண்டி நெய். மூடி, பிள்ளையைச் சேலையால் இடுப்போடு இறுக்கி, கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருவில் முழங்கால், முக்கில் தொடை, துறைமுகத் தெருவில் இடுப்பு. இருட்டத் தொடங்கியிருந்தது. தவளைகள் பானைகளை ஊதின. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே. பாதிக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. பிள்ளை மட்டும் தலையில் பாசி விழ விழக் கையைத் தட்டினான்.

கடைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தண்ணீர் அந்தக் கதவு வழியாக உள்ளே போகவில்லை, வெளியேதான் வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல். ரெண்டு படி ஏறி உள்ளே போனால் கணுக்கால் அளவுதான். மேசையெல்லாம் துணி விரித்தபடி. சன்னலோரத்தில் ஒரு மேசையில் ரெண்டு தட்டு. ஒதீல் அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வராதவர்களுக்காக, கை நிறுத்தாமல்.

"வாடி" என்றாள், திரும்பாமலே.

"கிண்ணம் மதாம்." ரெண்டு கையாலும் நீட்டினாள். "லேட்டாயிடுச்சு."

ஒதீல் இடது கையால் மூடியைத் திறந்து பார்த்தாள். "இது என்னடி?"

"பருப்புச் சோறு. புள்ளைக்குச் செஞ்சது. உறைப்பு இருக்காது. எனக்கு வேற ஒண்ணும் நல்லா வராது." பிறகு, தெருவில் எதிர்ப்படுகிற யாரிடமும் தினமும் கேட்கிறதை, இந்த ஒருத்தியிடம் மட்டும் ஊரே கேட்க மறந்துபோனதை, கேட்டாள். "நீங்க சாப்டீங்களா மதாம்?"

கரண்டி நின்றது. நாலு நொடியில் மாவு கருகும் வாசம் எழுந்தது.

"கருகுது மதாம்."

"கருகட்டும்டி" என்றாள் ஒதீல், அடுப்பை அணைத்தாள்.

சன்னலோர மேசையில் போய் உட்கார்ந்து, ரெண்டாவது தட்டை ஜெனித்தா பக்கம் தள்ளினாள். சோற்றைக் கையால் எடுத்து உருட்டினாள். "உருட்டிச் சாப்புடுடீம்பான். எனக்கு வராது, சிரிப்பான்." முதல் உருண்டைக்கு வாயைத் திறந்தது அந்தோணி. ரெண்டாவதை அவள் சாப்பிட்டாள். மூன்றாவதற்கு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைத் துடைக்காமலே நாலாவதையும் சாப்பிட்டாள்.

"தாழ் போடாதேன்னான். இந்தா வந்துட்டேன்னான்" என்றாள்.

ஜெனித்தாவுக்குத் தன் கதையைத்தான் சொல்ல வந்தது. "எங்க வீட்டுக் கதவும் தாழ் விழல மதாம். மூணு வாரமா. புள்ளயக் கையில கட்டிக்கிட்டு உக்காந்தே தூங்கறேன்."

ஒதீல் உருண்டையைப் பாதியில் வைத்தாள். "மூணு வாரமாவா? ஏண்டி வந்து சொல்லல?"

"வெறுங்கையோட எப்படி வர்றது?"

ஒதீல் அவளைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள், அங்கே முப்பத்தொன்பது கிண்ணத்தின் வெற்றிடம் இருந்தது. பிறகு சிரித்தாள், தோள் குலுங்க, மேசை குலுங்க, கணுக்கால் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்ப. "அடியே" என்றாள், "அடியே, அடியே. ஒரு ஊரேவாடி?"

மறுநாள் காலையில் தண்ணீர் போயிருக்கும். சுவர்களில் கறுப்பாய் ஒரு கோடு மட்டும் நிற்கும், வெள்ளையடித்தாலும் போகாது. மாதா கோயில் குளத்தில் சிவப்புச் சிங்கிகள் தங்கிவிடும். தெருவில் ஹபீபா வட்டிலப்பத்தோடும், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் சேமியாவும் கொழுக்கட்டையும் எலுமிச்சம் ஊறுகாயுமாகவும், கடைசியில் வேம்பையன் என்ன போடுவது என்று தெரியாமல் கிண்ணம் நிறைய முறுக்கோடும், வரிசையாக வந்து நிற்பார்கள், ஒவ்வொருவரையும் ஒதீல் வாடி என்பாள். ஆனால் அது மறுநாள்.

அன்று, "இந்த இருட்டுல நீ போவாதே, இங்கயே படுடி" என்றாள் ஒதீல். ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மேல் விரிப்புகளை மடித்து மெத்தையாக்கி, பிள்ளையைக் கிடத்தினாள். அவன் கிடத்தியதும் தூங்கிவிட்டான். பிறகு அவள் வாசலுக்குப் போய்க் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது அறுபத்து நாலு நாள் அசையாத கதவு. ஜெனித்தாவும் போய்த் தோள் கொடுத்தாள். கீல் முனகியது, மரம் கிறீச்சிட்டது, கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்துக்குள் வந்தது. வெளியே ஒரு தவளை, "ஊம்ம்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

ஒதீல் தாழ்ப்பாளைப் பிடித்தாள். லூர்துராஜின் குரலில், கில்பர்ட்டைப் போலவே அவனும் தினமும் கேட்ட தினுசிலேயே, கேட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சாடி? தாழ் போட்டுடவா?"

ஜெனித்தா எந்தக் கடலில் என்று தெரியாத ஒரு கப்பலை நினைத்தாள். நண்டுக் கூடைகளை நினைத்தாள். மேசைமேல் ரெண்டு கையையும் விரித்துப் போட்டுத் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கதவோடு கதவாக நிற்கிற அந்தப் பெரிய, ஈரக் கண்ணுக்காரியைப் பார்த்தாள்.

"வந்தாச்சு மதாம்" என்றாள். "போடுங்க."

தாழ்ப்பாள் ஒரு தடவை துருவில் சிக்கி நின்றது. ரெண்டு கையும் சேர்ந்து தள்ளியதும், துளைக்குள் போய் விழுந்தது.